"இதைக் கொஞ்சம் பாத்துக்கோங்க": நியூரோடைவர்ஜென்ட் ஊழியர்களும் நிம்மதியாக வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

"இதைக் கொஞ்சம் பாத்துக்கோங்க." அலுவலகத்தில் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது காதில் விழும் வாக்கியம். பாத்துக்கோங்க என்றால் என்ன? படித்துவிட்டுக் கருத்துச் சொல்ல வேண்டுமா, பிழை இருந்தால் திருத்தி அனுப்ப வேண்டுமா, இல்லை இனிமேல் அந்த வேலையே நம் தலையில்தானா? கொஞ்சம் என்றால் ஐந்து நிமிடமா, இரண்டு நாளா? பெரும்பாலானவர்கள் சொன்னவரின் முகம், குரல், அந்த வாரம் நடந்த கூத்து எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரு மாதிரி ஊகித்துவிடுவார்கள். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் ஒருவர் அந்தக் கோப்பைத் திறந்து, பார்த்துவிட்டு, மூடி வைத்துவிடுவார். மறுநாள் அவருக்குப் பொறுப்பில்லாதவர் என்று பெயர்.

நானே என் டீமில் ஒருவருக்கு அந்தப் பெயரை வைத்தவன்தான். அப்புறம் ஒரு முறை தொண்டை கட்டிக்கொண்டு ஒரு வாரம் பேச முடியாமல் போய், எல்லா வேலையையும் எழுதி அனுப்ப வேண்டி வந்தது. அந்த வாரம் அவருடைய வேலைதான் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றது. கோளாறு இத்தனை நாளும் என் வாயில் இருந்திருக்கிறது.

டீம் நடத்துபவர்கள், ஹெச்ஆரில் இருப்பவர்கள், பத்துப் பேரை வைத்துச் சின்ன நிறுவனம் நடத்துபவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதில் உள்ளதில் பாதிக்கு மேல் பணமே தேவைப்படாது, ஆனால் பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும், அதுதான் கஷ்டம்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்

மற்றவர்களோடு பழகுவதும் புலன்களுக்கு வருவதை உள்வாங்குவதும் வேறு விதமாக இருக்கும் ஆட்டிசம், கவனத்தை நிறுத்துவதைச் சிரமமாக்கும் ஏடிஹெச்டி, வாசிப்பையும் எழுத்தையும் கடினமாக்கும் டிஸ்லெக்ஸியா, எண்களோடு மல்லுக்கட்ட வைக்கும் டிஸ்கால்குலியா, உடல் அசைவுகளைக் கோர்ப்பதைச் சிரமமாக்கும் டிஸ்ப்ராக்ஸியா, கட்டுப்படுத்த முடியாத அசைவுகளையும் ஒலிகளையும் வரவைக்கும் டூரெட் போன்றவை உள்ளவர்களை நியூரோடைவர்ஜென்ட் என்கிறோம். மனித மூளைகள் பல விதம், அதில் ஒன்றை மட்டும் 'சரியான' மூளை என்று எடுத்துக்கொள்ள முடியாது என்ற எண்ணம் 1990களில் ஆட்டிசம் உள்ளவர்களின் இணையக் குழுக்களில் உருவானது. ஆஸ்திரேலிய சமூகவியலாளர் ஜூடி சிங்கர் 1998இல் தன் ஆய்வேட்டில் அதை நியூரோடைவர்சிட்டி என்ற சொல்லோடு எழுதினார். நியூரோடைவர்ஜென்ட் என்ற சொல் கொஞ்சம் பின்னால், 2000ஐ ஒட்டி, கேசியான் அசாசுமாசு என்ற செயற்பாட்டாளர் கொடுத்தது.

இந்தப் பெயர்களைத் தெரிந்துகொண்டால் ஆளைத் தெரிந்துகொண்டதாக ஆகாது. ஆட்டிசம் உள்ள ஒருவருக்கு முழு அமைதி வேண்டும், இன்னொருவருக்குக் காதில் பாட்டு ஓடாவிட்டால் வேலை நகராது. ஒருவருக்கே இரண்டு மூன்று சேர்ந்து இருப்பதும் சகஜம். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013இல் திருத்தப்படும் வரை ஆட்டிசத்தையும் ஏடிஹெச்டியையும் ஒரே ஆளுக்குக் கண்டறிந்து எழுதவே அதில் இடமில்லை. அதனால் இப்போது முப்பது நாற்பது வயதில் இருக்கும் நிறையப் பேருக்குக் கையில் இருப்பது பாதிப் பதில்தான். பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, எந்தப் பதிலுமே கிடைத்திருக்காது. 'கொஞ்சம் ஒரு மாதிரி' என்ற பட்டத்தோடு ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆட்டிசம் என்றால் கணக்குப் புலி என்ற சினிமாத்தனத்தையும் இங்கேயே விட்டுவிடலாம். அப்படிச் சிலர் உண்டு. மற்றவர்கள் நம்மைப் போலத்தான், சிலதில் கெட்டி, சிலதில் சுமார்.

இன்னொன்று, பேச்சு சரியாகப் போய்ச் சேரவில்லை என்றால் தவறு ஆட்டிசம் உள்ளவரிடம்தான் என்று நாமாகவே முடிவுகட்டிவிடுகிறோம். டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012இல் இதைத் திருப்பிப் போட்டார். ஆட்டிசம் உள்ளவருக்கு உங்களைப் புரிந்துகொள்வது கடினம் என்றால் உங்களுக்கும் அவரைப் புரிந்துகொள்வது அதே அளவு கடினம், இது இருபக்கச் சிக்கல் என்றார். 2020இல் வந்த ஓர் ஆய்வில், காதோடு காதாகச் செய்தியைக் கடத்தும் விளையாட்டைப் போல ஒரு கதையை வரிசையாகச் சொல்ல வைத்துப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசையிலும் கதை மற்றவர்களின் வரிசையைப் போலவே போய்ச் சேர்ந்தது.

ஆள் எடுப்பதில் ஆரம்பிக்காதீர்கள்

நிறுவனங்களுக்கு உற்சாகம் வந்ததும் முதலில் தோன்றுவது ஒரு சிறப்பு வேலைவாய்ப்புத் திட்டம்தான். இதற்கு நல்ல முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. டென்மார்க்கில் தோர்கில் சோன் தன் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபின் 2004இல் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வேலை கொடுக்கும் ஸ்பெஷலிஸ்டர்ன் நிறுவனத்தைத் தொடங்கினார். ஜெர்மன் மென்பொருள் நிறுவனம் எஸ்ஏபி 2013இலும், மைக்ரோசாஃப்ட் 2015இலும் ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்கத் தனித் திட்டம் தொடங்கின.

ஆனால் உங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே இருப்பவர்கள் என்ன ஆவது? ஆள் எண்ணிக்கை நூறைத் தாண்டிய இடம் என்றால் அங்கே நியூரோடைவர்ஜென்ட் ஊழியர்கள் நிச்சயம் இருப்பார்கள், சொல்லாமல் இருப்பார்கள். அவர்களே மூச்சுத் திணறும் இடத்துக்குப் புதிதாக ஐந்து பேரைப் பூங்கொத்து கொடுத்து அழைத்து வந்தால் ஆறு மாதத்தில் ஐந்து ராஜினாமாக் கடிதம் வரும். முதலில் உள்ளே ஒழுங்கு பண்ணுவோம், ஆள் எடுப்பதைப் பின்னால் பார்க்கலாம்.

படி 1: எழுதாத விதிகளை வெளியே எடுங்கள்

எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். உங்கள் இடத்துக்குக் கடைசியாக வந்து சேர்ந்த இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு, "வந்த புதுசுல யாரும் சொல்லாம நீங்களாவே கண்டுபிடிக்க வேண்டியிருந்த விஷயம் என்னென்ன?" என்று கேளுங்கள். பட்டியல் நீங்கள் நினைப்பதை விட நீளமாக வரும். பத்து மணி என்றால் பத்தா, ஒன்பதே முக்காலா? வீடியோ மீட்டிங்கில் கேமரா போட்டே ஆக வேண்டுமா? இரவு ஒன்பது மணிக்கு வரும் மெசேஜுக்கு அப்போதே பதில் போட வேண்டுமா? மேனேஜரின் அறைக்கதவு சாத்தியிருந்தால் தட்டலாமா? மின்னஞ்சலில் யாரை எல்லாம் சேர்க்க வேண்டும், சேர்க்காவிட்டால் யாருக்குக் கோபம் வரும்?

இதை எல்லாம் விடையோடு எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். எழுத உட்கார்ந்தால் சில விதிகளில் பேனா நின்றுவிடும். 'மேனேஜர் கிளம்பும் வரை யாரும் கிளம்பக் கூடாது' என்பதை எழுத்தில் போட உங்களுக்கே கூச்சமாக இருக்கும். அப்படிப்பட்ட விதி இருக்கவே வேண்டாம், அன்றைக்கே எடுத்துவிடுங்கள். மிச்சம் இருப்பது ஒன்றரைப் பக்கம் வரும். புதிதாக யார் வந்தாலும் முதல் நாளே கையில் கொடுங்கள். இது நியூரோடைவர்ஜென்ட் ஊழியர்களுக்கான ஆவணம் என்று தலைப்புப் போட வேண்டாம், எல்லோருக்கும்தான் இது உதவும்.

படி 2: வேலை சொல்லும் விதத்தை மாற்றுங்கள்

ஒரு வேலையை ஒப்படைக்கும்போது என்ன செய்ய வேண்டும், யாருக்காக, முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வது, எப்போதைக்கு, கையில் இருக்கும் மற்ற வேலைகளில் எது தள்ளிப்போகலாம், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது, இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டும். ஐந்தாவதாகச் சொன்னதைத்தான் நாம் எப்போதும் விட்டுவிடுகிறோம். எல்லாமே அவசரம் என்று நான்கு வேலையைக் கொடுத்தால் ஏடிஹெச்டி உள்ள பலருக்கு எதைத் தொடுவது என்றே தெரியாமல் அப்படியே உறைந்துபோகும். வெளியில் இருந்து பார்த்தால் அது சோம்பேறித்தனம் போலத் தெரியும்.

"அந்த ரிப்போர்ட்டைக் கொஞ்சம் பாத்துக்கோங்க, சீக்கிரம்" என்பதை இப்படி எழுதிப் பாருங்கள்: "ரிப்போர்ட்டின் மூன்றாம் பகுதியில் எண்கள் மூல அட்டவணையோடு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். மொழிநடையைத் தொட வேண்டாம். வியாழன் மாலை 4 மணிக்குள் வேண்டும். அதுவரை நேற்றுக் கொடுத்த வேலையை நிறுத்தி வைக்கலாம்." எழுத இரண்டு நிமிடம் ஆகும், ஆனால் திரும்பத் திரும்ப விளக்குவதில் போகும் அரை மணி நேரம் மிச்சம்.

'சீக்கிரம்', 'முடிஞ்சா பண்ணுங்க', 'ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க' போன்றவற்றுக்கு டீமில் தடை போடுங்கள். 'முடிஞ்சா பண்ணுங்க' என்பது பெரும்பாலும் கட்டளைதான், மரியாதைக்காக வேண்டுகோள் வேஷம் போட்டிருக்கிறது. வார்த்தையை அப்படியே நம்புபவர் முடியவில்லை என்று விட்டுவிட்டால் அவர் மேல் என்ன தப்பு? வாயால் சொல்லித்தான் பழக்கம் என்றால் சொல்லிவிட்டுப் பின்னாலேயே இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.

படி 3: மீட்டிங்

எதைப் பேசப் போகிறோம், யாரிடமிருந்து என்ன வேண்டும் என்பதை முந்தின நாளே அனுப்புங்கள். கேட்டதை மூளையில் வாங்கிப் பதிலாக்கச் சிலருக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். அவர்களிடம் சட்டென்று திரும்பி "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றால் வருவது அவர்களுடைய நல்ல பதிலாக இருக்காது. சாட்டில் எழுதலாம், மறுநாள் மதியம் வரை மின்னஞ்சலில் சொல்லலாம் என்று வழி விடுங்கள், முடிவையும் அதுவரை தள்ளி வையுங்கள். மீட்டிங்கிலேயே முடிவெடுத்துவிட்டு 'அப்புறம் கருத்து அனுப்புங்க' என்பது ஒப்புக்குச் சொல்வது.

கையில் எதையாவது உருட்டிக்கொண்டிருப்பது, எழுந்து நிற்பது, கண்ணைப் பார்க்காமல் கேட்பது இதெல்லாம் கவனமின்மை இல்லை. பலருக்குக் கண்ணைப் பார்க்கவும் வேண்டும், பேச்சையும் கேட்க வேண்டும் என்றால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். கேமரா விருப்பத்துக்கு விடுங்கள்.

படி 4: சத்தம், வெளிச்சம், வாசனை

தடுப்பே இல்லாத பெரிய கூடங்களில் வேலை பார்ப்பது பலருக்குச் சந்தைக்கு நடுவில் உட்கார்ந்து கணக்குப் போடுவது மாதிரி. மினுக்கும் டியூப்லைட், பக்கத்து மேஜை பெர்ஃப்யூம், ஏசியின் உறுமல், மூன்று வரிசை தள்ளி ஓடும் ஸ்பீக்கர் ஃபோன், இதை எல்லாம் நம் மூளை பின்னால் தள்ளிவிடும், சிலருக்கு அந்த வடிகட்டி அவ்வளவாக வேலை செய்யாது. எல்லாமே ஒரே சத்தத்தில் உள்ளே வரும்.

செய்ய வேண்டியது சுலபம். ஹெட்போன் போட யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று எழுத்தில் சொல்லுங்கள். தினம் ஓர் இடம் மாறி உட்காரும் ஏற்பாடு இருந்தால், வேண்டும் என்பவருக்கு நிரந்தர இடம் கொடுங்கள், முடிந்தால் சுவர்ப் பக்கம், முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாமல். மினுக்கும் விளக்கை மாற்றுங்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களைச் சலுகையாகப் பார்க்காமல் வேலைக்கான கருவியாகப் பாருங்கள். ஓர் அமைதி அறை ஒதுக்குங்கள். ஒதுக்கியபின் அதைக் காலி அட்டைப்பெட்டி அடுக்கும் இடமாக மாற்றாமல் காப்பதுதான் உண்மையான சவால், எத்தனை இடத்தில் பார்த்துவிட்டேன்.

யாராவது சுமை தாங்காமல் உடைந்து அழுதாலோ, பேச்சே வராமல் போனாலோ சுற்றி நின்று கேள்வி கேட்காதீர்கள். வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைத்து, தனியாக விட்டு, 'பக்கத்து அறையில் இருக்கிறேன்' என்று சொன்னால் போதும். விசாரணை எல்லாம் இன்னொரு நாள். பிறந்தநாளுக்குத் திடீரென்று கைதட்டிப் பாடி ஆச்சரியப்படுத்தும் வழக்கம் இருந்தால், வேண்டாம் என்பவர்களின் பெயரை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: நேரமும் எழுத்தும்

ஏடிஹெச்டி உள்ளவருக்கு ஆறு வாரக் கெடு என்பது ஐந்தரை வாரத்துக்கு இல்லாத கெடு. அதை உடைத்து வாரத்துக்கு ஒரு சின்னக் கெடுவாக்கி, இடையில் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். கண்காணிப்பாக அது மாறிவிடக் கூடாது என்றால், எப்படி, எத்தனை முறை என்பதை அவரே தீர்மானிக்கட்டும். பக்கத்தில் ஒருவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலே சிலருக்கு வேலை ஓடும். பள்ளி நாட்களில் நண்பர்களோடு சேர்ந்து உட்கார்ந்து படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 'ஒரு நிமிஷம்' என்று தோளைத் தட்டுவதை நிறுத்துங்கள். அறுந்த கவனம் திரும்ப வந்து ஒட்ட ஒரு நிமிடம் போதாது.

டிஸ்லெக்ஸியா உள்ளவர்களுக்காக பிரிட்டிஷ் டிஸ்லெக்ஸியா சங்கம் சொல்லும் எளிய வடிவமைப்பு விதிகள் எல்லோர் கண்ணுக்கும் நல்லது: எழுத்தளவு 12 முதல் 14, அலங்காரமில்லாத எழுத்துரு, இடப்பக்கம் மட்டும் ஒழுங்கான ஓரம், சாய்வெழுத்தும் அடிக்கோடும் வேண்டாம், வரிகளுக்கு நடுவே தாராள இடைவெளி. எழுத்தை வாசித்துக் காட்டும் மென்பொருளும் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளும் கணினியிலேயே இருக்கும், நிர்வாகம் அதை முடக்கி வைக்காமல் இருந்தால் சரி. யாரையும் எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்லாதீர்கள். டீம் சாட்டில் ல, ள, ழ மாறி வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் ஆசாமியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

படி 6: யாரும் தங்கள் மருத்துவ அறிக்கையைக் காட்டாமலேயே கேட்க முடிய வேண்டும்

இதுவரை சொன்னதை எல்லோருக்கும் பொதுவாகச் செய்துவிட்டால் 'எனக்கு இது இருக்கிறது' என்று யாரும் வாய் திறக்க வேண்டிய தேவையே பெருமளவு குறையும். அதற்கு மேல் தேவைப்படுபவர்களுக்காக ஒரு பக்கத் தாள் வையுங்கள், டீமில் உள்ள அனைவருமே நிரப்பட்டும், மேனேஜர் முதலில். எனக்கு எப்போது மூளை நன்றாக ஓடும், அவசரம் என்றால் எப்படித் தொடர்பு கொள்வது, எது என்னைத் தடுமாற வைக்கும், கருத்தை எப்படிச் சொன்னால் எனக்குப் பிடிக்கும். எழுத விரும்பாத கேள்வியைக் காலியாக விடலாம்.

ஹெட்போனுக்கும் நாற்காலி மாற்றுவதற்கும் மருத்துவச் சான்றிதழ் கேட்காதீர்கள். பெரியவர்களுக்கு முறையான பரிசோதனை கிடைக்கப் பல இடங்களில் நீண்ட காலம் காத்திருக்க வேண்டும், செலவும் அதிகம். 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையே, நியாயமான ஏற்பாட்டை, அதாவது ஒருவரின் தேவைக்கேற்பச் செய்து தரும் மாற்றத்தை, மறுப்பது பாகுபாடு என்று சொல்கிறது. அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம், பிரிட்டனின் 2010 சட்டம், இந்தியாவின் 2016 சட்டம் எல்லாவற்றிலும் இதே கருத்து ஒரு வடிவத்தில் இருக்கிறது. செலவை நினைத்துப் பயப்படுபவர்களுக்கு: அமெரிக்காவில் 1983 முதல் இயங்கும் ஜாப் அகாமடேஷன் நெட்வொர்க் என்ற ஆலோசனைச் சேவை, நிறுவனங்களிடம் ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பார்த்ததில், செய்து கொடுத்த ஏற்பாடுகளில் ஏறக்குறைய பாதிக்குச் செலவே ஆகவில்லை.

ஒருவர் நம்பி வந்து சொல்கிறார் என்று வையுங்கள். "பாத்தா அப்படித் தெரியலையே" என்பது பாராட்டு இல்லை. அப்படித் தெரியாமல் இருக்க அவர் தினமும் எட்டு மணி நேரம் நடித்துக்கொண்டிருக்கிறார், அந்த நடிப்புக்கு மாஸ்கிங் என்று பெயர், பலர் அதிலேயே களைத்து வேலையை விடுகிறார்கள். "எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு" என்பதும் வேண்டாம். "சொன்னதுக்கு நன்றி. வேலையில ஏதாவது மாத்தணுமா? இது வேற யாருக்காவது தெரியலாமா, வேண்டாமா?" இவ்வளவு போதும். வேண்டாம் என்றால் உங்கள் மேலதிகாரிக்கும் தெரியக் கூடாது. அடுத்த விழிப்புணர்வு நாளுக்கு அவரையே மேடையேற்றிப் பேச வைக்கலாமே என்று தோன்றும், அடக்கிக்கொள்ளுங்கள்.

"அவருக்கு மட்டும் ஏன்?" என்று இன்னொருவர் வந்து நிற்பார். நின்றே தீருவார். "ஒவ்வொருத்தர் ஏற்பாடும் அவருக்கும் எனக்கும் நடுவுல. உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்று கேளுங்கள். பாதிப் பேருக்கு நிஜமாகவே ஏதோ ஒன்று தேவைப்பட்டிருக்கும், கேட்கத் தெரியாமல்தான் அடுத்தவரைப் பார்த்துக் கோபப்பட்டிருப்பார்கள்.

படி 7: நேரடியாகப் பேசுங்கள்

"கொஞ்சம் பேசணும், நாளைக்குக் காலைல வாங்க" என்று சாயங்காலம் ஆறு மணிக்கு மெசேஜ் அனுப்பினால் அந்த மனிதருக்கு அன்று தூக்கம் போச்சு. என்ன பேசப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். குறையைச் சொல்லும்போது முன்னும் பின்னும் பாராட்டுத் தடவிக் கொடுக்க வேண்டாம், கேட்பவர் பாராட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம், அல்லது இனி வரும் எந்தப் பாராட்டையும் நம்பாமல் போகலாம். நடந்தது என்ன, அதனால் என்ன ஆனது, அடுத்த முறை எப்படி, அவ்வளவுதான். தனியாகச் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். விமர்சனம் மற்றவர்களை விட ஆழமாகத் தைக்கிறது என்று ஏடிஹெச்டி உள்ள பலர் சொல்வார்கள், அதற்காகச் சொல்லாமல் விட்டுவிட்டு ஆண்டு இறுதியில் மொத்தமாகக் கொட்டுவது இன்னும் கொடுமை.

எதிர்த்திசையிலும் இது உண்டு. "இந்தத் திட்டம் வேலைக்கு ஆகாது" என்று டீமில் ஒருவர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவார். திட்டம் வேலைக்கு ஆகுமா என்று முதலில் பாருங்கள். ஆளைத் தாக்கியிருந்தால் மட்டும் கண்டியுங்கள்.

படி 8: இப்போது ஆள் எடுங்கள்

வேலை விளம்பரத்தில் பழக்கதோஷத்தில் ஒட்டிக்கொண்டு வரும் 'சிறந்த தொடர்புத் திறன்', 'ஒரே நேரத்தில் பல வேலை' எல்லாவற்றையும் வேலைக்கு நிஜமாகத் தேவையா என்று கேட்டு வெட்டுங்கள். இன்டர்வியூ கேள்விகளை முன்கூட்டியே அனுப்புங்கள், யார் யார் இருப்பார்கள், எவ்வளவு நேரம், அறை எங்கே என்பதையும். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்பதற்குப் பதில் "போன வேலையில் நீங்கள் கண்டுபிடித்த ஒரு பிழையை எப்படிச் சரிசெய்தீர்கள்?" என்று கேளுங்கள். கைகுலுக்கல், கண்பார்வை, கலகலப்பு எதற்கும் மதிப்பெண் தாளில் இடம் வேண்டாம்.

எல்லாவற்றையும் விட, செய்யப் போகும் வேலையில் ஒரு சின்னத் துண்டைக் கொடுத்துச் செய்ய வைத்துப் பாருங்கள், கூலியும் கொடுங்கள். ஷ்மிட், ஹண்டர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட கட்டுரையிலேயே, வேலை மாதிரித் தேர்வும் எல்லோருக்கும் ஒரே கேள்விகள் கேட்கும் இன்டர்வியூவும், மனம் போன போக்கில் பேசிப் பார்ப்பதை விடச் சரியாக ஆளைக் கணிக்கின்றன என்று வந்துவிட்டது. நாம்தான் இன்னும் 'பேசிப் பாத்தா தெரிஞ்சிடும்' என்று உட்கார்ந்திருக்கிறோம்.

படி 9: ஆறு மாதம் கழித்து

எத்தனை பேர் தங்களுக்கு ஆட்டிசம், ஏடிஹெச்டி என்று சொன்னார்கள் என்று எண்ணாதீர்கள், அது யாருக்கும் பயன்படாத எண். ஏற்பாடு கேட்டவருக்கு அது கிடைக்க எத்தனை நாள் ஆனது, கேட்டவர்களில் எத்தனை பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள், பதவி உயர்வு யாருக்குப் போகிறது என்று பாருங்கள். மேலே போக வேண்டும் என்றால் ஆட்களை மேய்த்தே ஆக வேண்டும் என்ற ஒற்றை ஏணி இருந்தால், வேலையில் ஆழமாகப் போகிறவர்களுக்கு அதே சம்பளத்தில் இன்னோர் ஏணி போடுங்கள். ஏற்பாடு கொடுத்ததால் வேலைத் தரத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று இல்லை, எல்லோருக்கும் உள்ள அளவுகோல்தான் அவருக்கும்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது மேனேஜர் மாறுவார். இரண்டு வருடமாக வாய்ப் பேச்சில் நடந்து வந்த ஏற்பாடு, புதியவர் வந்து "எதுக்கு இவர் மட்டும் சுவர்ப் பக்கம்?" என்று கேட்கும் ஒரே நாளில் போய்விடும், அந்த ஊழியர் தன் கதையை முதலிலிருந்து திரும்பச் சொல்ல வேண்டும். அதனால் ஒவ்வோர் ஏற்பாட்டையும் காரணம் எழுதாமல், என்ன ஏற்பாடு என்பதை மட்டும் அரைப் பக்கத்தில் எழுதி, அவருடைய சம்மதத்தோடு இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மாறிப் போகும் நாளில், ஒப்படைக்கும் கோப்புகளின் பட்டியலில் அதுவும் ஒரு வரியாக இருக்கட்டும்.